அறுபது ஆண்டுப் பழைய அலுமினியப் படகில் படிந்த சீலன்ட்டை எப்படி எடுப்பது?

1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட, ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) அடித்த 14 அடி அலுமினியப் படகு ஒன்றை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கவார்த்தா ஏரிகளின் பக்கத்தில் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் உட்புறத்தில் ஏரா (படகின் அடி நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) நெடுகவும், ரிவெட் வரிசைகளின் மேலும், பின்பலகையின் மூலைகளிலும் முந்தைய உரிமையாளர்கள் பூசிய சீலன்ட், அதாவது கசிவை அடைக்கும் பசை, அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கறுப்பாக ஒன்று, சாம்பல் நிறத்தில் இறுகிய ஒன்று, வெள்ளை ரப்பர் போன்ற ஒன்று, கண்ணாடி போலத் தெளிந்த ஒன்று என நான்கு வகைகளைச் சொல்கிறீர்கள். இரும்புக் கம்பித் தூரிகையை டிரில்லில் மாட்டி, ஒரு வார இறுதியில் அனைத்தையும் தேய்த்து எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விமானத் தகட்டு வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இத்தகைய படகுகள் ஐந்தைச் சீர்செய்திருக்கிறேன். முதல் படகில் நீங்கள் கேட்கும் அதே தவற்றைச் செய்தேன். தேய்த்த அன்று தகடு வெள்ளி போல மின்னியது. அடுத்த கோடையில் தேய்த்த இடமெங்கும் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. கம்பிகளிலிருந்து உடைந்த இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் மின்வேதி அரிப்பைத் தொடங்கிவிட்டன. அந்தத் துகள்களைப் பின்னால் முழுமையாக எடுக்க வழியே கிடைக்கவில்லை. உங்கள் படகின் தகடு பெரும்பாலும் 1.3 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சீலன்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் பூசலாம், ஆனால் தேய்ந்துபோன தகட்டைத் திரும்பப் பெற முடியாது. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான வேலையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் படகுகளின் பிறப்பே விமானத் தொழிற்சாலைகளோடு பிணைந்தது. நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜில் போர் விமானங்கள் செய்துகொண்டிருந்த கிரம்மன் நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், 1944இல் அடிரோண்டாக் மலைப்பகுதியில் கனூ எனப்படும் துடுப்புப் படகு ஒன்றை, கித்தான் போர்த்திய கனத்த ஒன்றை, தோளில் சுமந்து சலித்த பிறகு, விமானத் தகட்டிலேயே ஒரு கனூ செய்யலாமே என்று எண்ணினார். போர் முடிந்ததும் அந்தக் கனூக்கள் விற்பனைக்கு வந்தன. 1952இல் அவற்றின் தயாரிப்பு மராத்தான் என்ற சிற்றூருக்கு மாறியது. தகட்டை அச்சின் மேல் இழுத்து வடிவமைப்பது, ரிவெட் அடிப்பது, மூட்டுகளில் சீலன்ட் வைப்பது ஆகிய மூன்றும் விமானக் கூடத்திலிருந்து படகுக் கூடத்துக்கு வந்தவை. ஆகவே பழைய சீலன்ட்டை எடுப்பதிலும் விமானக் கூடத்தின் ஒழுங்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

எப்படி எடுப்பது என்பதற்கு முன், எவ்வளவு எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். தொழிற்சாலையில் இரண்டு தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி ரிவெட் அடிக்கும்போது, அவற்றின் நடுவே ஒரு சீலன்ட் படலத்தையோ நாடாவையோ வைத்தார்கள். அது தகடுகளுக்கு இடையே அழுந்திக் கிடக்கிறது. வெளியே விளிம்பில் ஒரு கோடாக மட்டும் தெரியலாம். அதைத் தொடாதீர்கள். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துத் தகடுகளைப் பிரித்தாலன்றி அதை முழுமையாக எடுக்க முடியாது. மெல்லிய கத்தியைச் செருகி நோண்டினால் பாதி வெளியே வரும், பாதி உள்ளே கிழிந்து நிற்கும். அதுவரை ஒழுகாத மூட்டும் அன்றிலிருந்து ஒழுகத் தொடங்கும். நம் ஊர்க் கடற்கரைகளில் மரப்படகுக்குக் கலப்பத்து பார்க்கும்போது பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிது அடைப்பார்கள். மரம் நீரில் ஊறி உப்பி அந்த இடைவெளியை இறுக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே அது சரியான முறை. அலுமினியம் ஊறாது, உப்பாது. கலப்பத்துப் பழக்கத்தோடு இந்தப் படகை அணுகினால் கெடுதலே விளையும்.

நீங்கள் எடுக்க வேண்டியது மேலே பூசப்பட்டதை மட்டும்தான், அதிலும் அனைத்தையும் அல்ல. இத்தகைய படகு ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லாண்டு அலை அடியில் தளர்ந்துபோன ரிவெட்டுகள். தளர்ந்த ரிவெட்டை மீண்டும் இறுக்க வேண்டுமானால், ஒருவர் வெளியே ரிவெட் சுத்தியலைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே கனத்த எஃகுக் கட்டையை ரிவெட்டின் வாலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நடுவில் தார்க் கட்டியோ ரப்பரோ இருந்தால் அந்த அடி முழுவதும் அதிலேயே அடங்கிவிடும், ரிவெட் இறுகாது. ஆகவே இறுக்க வேண்டிய ரிவெட்டுகளின் இரு முனைகளும் சுத்தமாக இருக்க வேண்டும். புதிய சீலன்ட் ஒட்டுவதற்கு அவற்றைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுத்தமாக இருந்தால் போதும். வங்குகளின் (படகின் உள்ளே குறுக்கே ஓடும் விலா எலும்புகளின்) பக்கவாட்டில் உறுதியாக ஒட்டி, எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கும் பழைய பூச்சை அழகுக்காக மட்டும் எடுக்கப் போனால் ஒரு மாத வேலை கூடும். தகட்டில் தேவையற்ற கீறல்களும் கூடும்.

எந்த ரிவெட்டுகள் ஒழுகுகின்றன என்பதைச் சீலன்ட்டில் கைவைப்பதற்கு முன்பே கண்டுபிடியுங்கள். டிரெய்லரில் வைத்தபடி படகுக்குள் தண்ணீர் விட்டு வெளியே கசிவைப் பார்ப்பதுதான் எளிய வழி. தண்ணீரின் எடையை மட்டும் மறக்காதீர்கள். 14 அடிப் படகின் அடியில் 5 சென்டிமீட்டர் ஆழம் நின்றாலே இருநூறு கிலோவை நெருங்கிவிடும். தாங்கு கட்டைகள் இல்லாத இடத்தில் தகடு வளையும். படகை முன்னும் பின்னுமாகச் சாய்த்து, ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கசியும் இடத்தை வெளிப்புறத்தில் குறிக்கும்போது சாதாரணப் பென்சிலைப் பயன்படுத்த வேண்டாம். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிப்பை உண்டாக்கும். விமானக் கூடத்தில் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளிலேயே சொல்லும் விதி இது. மார்க்கர் பேனா போதுமானது.

அடுத்து, எந்தப் பூச்சு எது என்று அடையாளம் காணுங்கள். ஒரு வகையைக் கரைப்பது இன்னொரு வகையை அசைக்கக்கூடச் செய்யாது என்பதால், இந்த ஒரு மணி நேரம் பின்னால் பல நாள்களை மிச்சப்படுத்தும். கறுப்பானதன் மேல் மண்ணெண்ணெயோ, மினரல் ஸ்பிரிட் என்ற வண்ணக் கரைப்பானோ நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணி பழுப்பாக மாறினால் அது கூரைக்குப் பூசும் தார். மாறாமல், அழுத்தினால் ரப்பர் போலத் திரும்பி எழுந்து, புதிதாக வெட்டிய முகத்தில் கந்தக வாடை வந்தால் அது பாலிசல்ஃபைட் என்ற ரப்பர் வகைச் சீலன்ட். தெளிந்ததும் வெள்ளையுமானவற்றில், விரல் நகத்தால் அழுத்தினால் வழுக்கி, நுனியைப் பிடித்து இழுத்தால் நாடாவாக உரிவது சிலிகான். ஐயம் தீராவிட்டால் அதில் கடுகளவு வெட்டி எடுத்து, படகிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். சிலிகானாக இருந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். இந்தச் சோதனை தெளிந்ததற்கும் வெள்ளைக்கும் மட்டுமே. கறுப்பு, பழுப்பு, சாம்பல் நிறங்களை ஒருபோதும் எரிக்க வேண்டாம், அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். உரியாமல், கத்தி போட்டாலும் விட்டுக்கொடுக்காமல், கடினமான ரப்பராக நிற்கும் வெள்ளை பெரும்பாலும் பாலியூரிதேன். த்ரீ-எம் 5200 என்று படகுக்காரர்கள் சொல்லும் பசை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டினால் கல் போல ஒலிக்கும் சாம்பல் நிறப் பூச்சு எபாக்ஸியாகவோ, கார்களுக்குப் போடும் பட்டியாகவோ இருக்கும்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிச் செல்லாதீர்கள். பழைய பாலிசல்ஃபைட் சீலன்ட்டுகளை இறுக வைக்க ஈய டை ஆக்சைடைச் சேர்த்தார்கள். அவற்றின் கரும்பழுப்பு நிறத்துக்கு அதுவே காரணம். 1950 முதல் 1970களின் இறுதி வரை கட்டடங்களுக்காகச் செய்த சீலன்ட்டுகள் பலவற்றில் பிசிபி எனப்படும் நச்சு வேதிப்பொருள்கள் கலந்திருந்தன. வீட்டு ஜன்னலுக்கு வாங்கியதில் மிஞ்சியதைப் படகில் பூசியவர்கள் உண்டு. பழைய கூரைத் தார்களில் கல்நார் இழைகள் இருந்தன. தகட்டின் மேல் மஞ்சள்பச்சை நிறத்தில் ஒரு அடிப்பூச்சு தெரிந்தால் அது துத்தநாகக் குரோமேட். அதிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மேல் வண்ணத்தில் ஈயம் இருப்பதையும் எதிர்பார்க்கலாம். ஆகவே இந்தப் படகில் உலர்ந்த நிலையில் எதையும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், எரிக்காதீர்கள். ஈரமாக வைத்துச் சுரண்டி, துகள்களைத் துணியால் ஒற்றி, பையில் கட்டி, நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். நைட்ரைல் கையுறையும், துகளுக்கும் கரைப்பான் ஆவிக்கும் சேர்த்துப் பொருத்திய வடிகட்டி முகக்கவசமும் வேண்டும்.

கரைப்பானைப் பொறுத்தவரை இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. படகு ஒரு பெரிய கிண்ணம். டொலுயின், சைலின், எம்இகே ஆகிய கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது அந்தக் கிண்ணத்தின் அடியில் குளம் போலத் தேங்கும், நீங்களோ தலையைக் குனிந்து அதற்குள்தான் வேலை செய்வீர்கள். படகைக் கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து, வடிகால் துளையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். கரைப்பான் பயன்படுத்திய நாளில் ஹீட் கன் என்ற, சூடான காற்றை ஊதும் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது. இரண்டையும் வெவ்வேறு நாள்களுக்கு ஒதுக்குங்கள்.

கருவிகளில் முதன்மையானது பிளாஸ்டிக் சவரக் கத்தி. சாதாரணக் கத்திப் பிடியில் மாட்டக்கூடிய பிளாஸ்டிக் தகடுகள் நூறு நூறாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. மழுங்கியதும் எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். அதற்கு மசியாத இடத்தில், மேப்பிள் போன்ற கடின மரத்துண்டு ஒன்றை உளி போலச் சீவி வைத்துக்கொண்டு சிறிய சுத்தியலால் தட்டலாம். ரிவெட் தலைகளைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு மூங்கில் குச்சியின் நுனியைச் சப்பையாகச் சீவினால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. இழைகளில் அரைத்தூள் கலந்த நைலான் தூரிகைகளையும், பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற மெரூன் நிறத் தேய்ப்புப் பட்டைகளையும் கடைசி மெல்லிய படலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் தண்ணீரில் நனைத்தே பயன்படுத்துங்கள். பித்தளைத் தூரிகை மென்மையானதாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். அதிலுள்ள செம்பு அலுமினியத்துக்கு இரும்பைவிடப் பெரிய எதிரி.

இந்தக் கருவிகளில் எஃகுக் கத்தியை ஏன் சேர்க்கவில்லை என்று தோன்றலாம். அடியும் பக்கமும் சேரும் மடிப்பிலும், பின்பலகையை ஒட்டிய மூலைகளிலும், படகு அலையில் மோதும் ஒவ்வொரு முறையும் தகடு சிறிது வளைந்து நிமிர்கிறது. அந்த இடத்தில் ரிவெட் வரிசைக்கு இணையாக ஓடும் ஒரு நீண்ட கீறல், காகிதத்தை மடித்துக் கிழிப்பதற்கு முன் நகத்தால் போடும் கோடு போன்றது. விரிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும்.

இனி ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்ப்போம். தாரிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் கனடாவின் குளிரையே துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். கோடையில் தாரைச் சுரண்டினால் அது இழுபட்டு, கருவியிலும் கையிலும் பூசிக்கொண்டு, முன்பு இருந்ததைப் போல இரு மடங்கு பரப்புக்குப் பரவும். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிய ஒரு காலையில் அதே தார் கண்ணாடி போல நொறுங்கக்கூடியதாகிவிடும். மர உளியை விளிம்பில் வைத்துத் தட்டினால் பெரிய பெரிய செதில்களாகத் தெறிக்கும். தெறிப்பது கண்ணில் படாமல் கண்ணாடி அணியுங்கள். கல்நார் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசத்தோடு, சோப்புத் தண்ணீரில், அது உறையாமலிருக்கச் சிறிது மெத்தனால் கலந்து தெளித்து, செதில்களை அவ்வப்போது திரட்டி எடுங்கள். குளிர்காலம் வரை பொறுக்க முடியாதவர்கள் உலர் பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயுவை) தார்மேல் வைத்துச் சில நிமிடம் கழித்துத் தட்டலாம். அது சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி குளிர்ச்சி உடையதால் வெறுங்கையால் தொடக்கூடாது, திறந்தவெளியில் மட்டுமே கையாள வேண்டும். செதில்கள் போன பிறகு மிஞ்சும் கறையை மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். குளிரில் தட்டி எடுப்பது முதலில், கரைப்பான் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் கரைந்த தார் ரிவெட் இடுக்குகளுக்குள் ஓடிவிடும்.

பாலிசல்ஃபைட் பொறுமையை மட்டும் கேட்கும். மேலே தடித்திருப்பதைப் பிளாஸ்டிக் கத்தியால் தட்டையாகச் சீவிவிட்டு, மிச்சத்தின் மேல் எம்இகே அல்லது டொலுயின் நனைத்த துணியைப் பரப்பி, ஆவியாகாமல் அலுமினியத் தாளால் மூடி, அரை மணி நேரம் விடுங்கள். அது கரையாது, உப்பித் தளர்ந்து, சுரண்டினால் சுருள் சுருளாக எழும்பி வரும். ஒருமுறையில் வராவிட்டால் மறுபடியும் மூடுங்கள், அழுத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள். வண்ணத்தை நீக்கும் திரவங்களில் முன்பு முக்கியமாக இருந்த டைகுளோரோமீத்தேன் பாலிசல்ஃபைடையும் வேகமாகத் தளர்த்தும். ஆனால் மூடிய இடங்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2019இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வண்ணம் நீக்கும் பொருளாக அதைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. யாரேனும் பழைய டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாலும் படகின் கிண்ணத்துக்குள் அதைத் திறக்காதீர்கள். காஸ்டிக் சோடா கலந்த நீக்கிகளையும், கழிப்பறை கழுவும் அமிலத்தையும் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். இரண்டும் பசையை விட்டுவிட்டு அலுமினியத்தைத்தான் தின்னும். காஸ்டிக் சோடா தின்னும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனையும் வெளிவிடும்.

பாலியூரிதேனைக் கரைக்க வழியில்லை, வெப்பத்தில் தளர்த்த மட்டுமே முடியும். ஏறத்தாழ 80, 90 டிகிரி செல்சியஸில் அதன் பிடி இளகத் தொடங்கும். அந்த அளவு வெப்பம் தகட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரிக்கு மேலும் வரக்கூடும். வெப்பமூட்டிப் பதப்படுத்திய 6061-டி6 போன்ற உலோகக் கலவைகள் 200 டிகிரியை நெருங்கியதும் வலிமையை இழக்கத் தொடங்கும். அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி, நாற்பது டிகிரிதானே காட்டுகிறது என்று தொடர்ந்து சூடேற்றுவார்கள். பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும், ஆகவே கருவி காட்டும் எண் உண்மையைவிட வெகு குறைவாக இருக்கும். அளக்கும் இடத்தில் காகித மாஸ்கிங் டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளந்தால் எண் ஏறக்குறைய சரியாக வரும். வெப்பத்தைத் தகட்டின் மறுபக்கத்திலிருந்து கொடுப்பது இன்னும் நல்லது. பசையின் மேல்முகம் கருகாமல், தகட்டோடு ஒட்டிய முகம் முதலில் இளகும். இளகியதும் பிளாஸ்டிக் கத்தியை மெல்ல நுழைத்து, சூட்டைத் தொடர்ந்தபடி முன்னேறுங்கள். கருகவிட்டால் ஐசோசயனேட் கலந்த புகை வரும், அது நுரையீரலுக்குக் கேடு.

எபாக்ஸியும் இதே போலச் சூட்டில் இளகும். அது உறுதியாக ஒட்டி, அதன் விளிம்பில் வெண்மையான அரிப்புத் தூள் இல்லாமல் இருந்தால், இறுக்க வேண்டிய ரிவெட் அடியில் இல்லாத பட்சத்தில் அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி சிலிகான். உரிப்பதற்கு இதுவே மிக எளியது, சுத்தப்படுத்துவதற்கு இதுவே மிகக் கடினமானது. நாடாவாக உரித்து எடுத்த பிறகு தகடு வெறுமையாகத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிலிகான் எண்ணெய்ப் படலம் அங்கே இருக்கும். அதன் மேல் எந்த வண்ணமும் ஒட்டாது, எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது, புதிய சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. உரித்த உடனே உப்புத்தாளால் தேய்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தேய்த்தால் அந்தப் படலம் கீறல்களுக்குள் பதிந்து, சுற்றுப்புறம் முழுவதற்கும் பரவும். சரியான வரிசை வேறு. முதலில் பிளாஸ்டிக் கத்தியால் எஞ்சிய ஒவ்வொரு துணுக்கையும் எடுக்க வேண்டும். பின்னர் மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியைத் திருப்பாமல், ஒரு முறை துடைத்த முகத்தை மறுபடி தகட்டில் வைக்காமல், புதிய முகத்தால் மட்டுமே துடைக்க வேண்டும். கரைப்பான் தானாக உலர்ந்தால் கரைந்தது அங்கேயே படியும் என்பதால், உலர்வதற்கு முன் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகே நனைந்த மெரூன் பட்டையால் லேசாகத் தேய்த்து, பட்டையை எறிந்துவிட்டு, மீண்டும் துடையுங்கள். சிலிகானுக்குப் பயன்படுத்திய கையுறை, துணி, பட்டை எதையும் படகின் வேறு பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். இந்தக் காரணத்தாலேயே, மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு சிலிகானைக் கடைசியாக எடுப்பது நல்லது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வகை உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். ஆகவே அதன் அடியில் தகடு மங்கி, சில இடங்களில் சொரசொரப்பாக இருப்பதைக் காண்பீர்கள்.

சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவுசெய்யாதீர்கள். விமானக் கூடத்தில் தண்ணீரால் சோதிப்போம். சுத்தமான தண்ணீரைத் தகட்டின் மேல் தெளித்துவிட்டு அரை நிமிடம் பாருங்கள். தண்ணீர் உடையாத ஒரே படலமாக நின்றால் தகடு சுத்தமாக இருக்கிறது. தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெயோ சிலிகானோ இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள், மறுபடி துடைக்க வேண்டும். மூன்றாவது படகில், ஒரு கையகல இடத்துக்கு இந்தச் சோதனையை ஏழு முறை செய்ய வேண்டியிருந்தது. அந்த இடம் இன்றுவரை ஒழுகவில்லை.

எல்லாம் போன பிறகு, சீலன்ட்டின் அடியில் வெண்மையான மாவு போன்ற படிவைப் பார்த்தால் கலங்க வேண்டாம். விளிம்பு விட்டுப்போன பூச்சுக்கு அடியில் ஈரம் நுழைந்து, வெளியேற வழியின்றித் தேங்கி, பிராணவாயு குறைந்த அந்த இடுக்கில் அலுமினியத்தை அரித்ததன் எச்சம் அது. ஒழுகும் இடத்தின் மேலேயே அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போவதால் வரும் கேடும் இதுதான். நைலான் தூரிகையும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு தூளை எடுத்துவிட்டு, குழிகளின் ஆழத்தைப் பாருங்கள். இருட்டிய பின் படகுக்கு வெளியே பலமான விளக்கை வைத்து உள்ளிருந்து பார்த்தால், தகட்டைத் துளைத்துச் சென்ற குழி ஒளிப்புள்ளியாகத் தெரியும். துளைக்காத ஆழமற்ற குழியை அலுமினியத்துக்கான அமிலக் கழுவலும் அடிப்பூச்சும் பார்த்துக்கொள்ளும். துளைத்ததற்கு ஒட்டுத் தகடு வேண்டும். அதைச் சீலன்ட்டால் மறைத்துவிட நினைத்தால், நீங்கள் இப்போது சுரண்டிக்கொண்டிருப்பதை இன்னொருவர் இருபது ஆண்டு கழித்துச் சுரண்டுவார்.

கழுவும்போது ஏரா ஓரத்தையும் வங்குகளின் அடியையும் மறந்துவிடாதீர்கள். உதிர்ந்த துகள்கள் அங்கேதான் சென்று தங்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், வடிகால் துளைகளையும் அடைக்கும். அடைப்பானைக் கழற்றி, படகின் முன்பகுதியை உயர்த்தி, நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். அதன் பிறகு ரிவெட்டுகளை இறுக்குங்கள். இறுக்கியதும் புதிய சீலன்ட் எதையும் பூசாமல், முன்பு செய்தது போலவே பகுதி பகுதியாகத் தண்ணீர் தேக்கி, நீங்கள் மார்க்கரால் குறித்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் கசிவு சீலன்ட் இல்லாமலேயே நின்றிருக்கக் காண்பீர்கள் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நிற்காதவற்றில், இறுக்கிய பிறகும் விரலுக்கு அசையும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, ஒரு அளவு பெரிய திண்ம ரிவெட்டைச் சீலன்ட்டில் தோய்த்து அடியுங்கள். அசையாமல் ஈரம் மட்டும் கசிபவற்றுக்கு, தண்ணீர்ச் சோதனையில் தேறிய அந்தச் சுத்தமான தகட்டின் மேல், ரிவெட் தலையைச் சுற்றி மெல்லிய ஒரு வளையமாகப் புதிய சீலன்ட் போதும்.

பாலிசல்ஃபைடா பாலியூரிதேனா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாலிசல்ஃபைடையே தேர்ந்தெடுப்பேன். அது தகட்டோடு சேர்ந்து வளையும், பல்லாண்டு நீரில் கிடந்தாலும் நிற்கும், என்றேனும் எடுக்க வேண்டி வந்தால் மேலே சொன்ன, கரைப்பான் நனைத்த துணிக்கு இணங்கும்.